புகாரின் விளக்கு

காவிரி கடலில் கலக்கும் முகத்தில், மயிலாடுதுறை மாவட்டத்தின் சீர்காழி வட்டத்தில் இருக்கிறது பூம்புகார். காவிரிப்பூம்பட்டினம், புகார், பட்டினம் எல்லாம் இந்த ஒரே ஊர்தான். இன்றைக்கு அங்கே மீனவர் குடியிருப்புகளும், அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும், 1973-இல் திறக்கப்பட்ட ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடமும் இருக்கின்றன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அது சோழர்களின் முதன்மைத் துறைமுகம். கப்பல்களுக்கு இரவில் வழிகாட்ட அந்தக் கடற்கரையில் ஒரு விளக்கு எரிந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த விளக்கைத் தாங்கிய கட்டடத்தின் செங்கல் ஒன்றைக்கூட இதுவரை யாரும் அடையாளம் காட்டவில்லை.

அங்கிருந்து தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே வந்தால் காரைக்குடி. செம்மண் பொட்டலும் ஊருணிகளும் நிறைந்த இந்தச் செட்டிநாட்டில் வாழும் நகரத்தார், தங்கள் பூர்விகம் காவிரிப்பூம்பட்டினம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். புகாரின் வரலாற்றில் பாதி கடலோரத்து மண்ணுக்குள் கிடக்கிறது. இன்னொரு பாதி இப்படிக் கடலே தெரியாத ஊர்களில் வழங்குகிறது.

துறைமுகம் எப்படி இயங்கியது என்பதைப் பட்டினப்பாலை விரிவாகச் சொல்கிறது. கரிகால் சோழனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிப் பாட்டு அது. கடல்வழி வந்த குதிரைகள், வண்டியில் வந்த மிளகு மூட்டைகள், வடமலையின் பொன்னும் மணியும், மேற்குமலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், கங்கைச் சமவெளியின் பொருள், ஈழத்து உணவு, கடாரத்துச் சரக்கு என்று அங்கே குவிந்தவற்றைப் பாட்டு அடுக்கிக்கொண்டே போகிறது. ஏற்றுமதியோ இறக்குமதியோ, எந்த மூட்டையானாலும் சுங்கம் வாங்கும் அதிகாரிகள் சோழரின் புலி முத்திரையைக் குத்திய பிறகே அது நகரும். வாங்குகிறபோது மிகுதியாக வாங்காமலும் கொடுக்கிறபோது குறைத்துக் கொடுக்காமலும் நடக்கும் வணிகர்களையும் பாட்டு பாராட்டுகிறது. புலவர் புகழ்ச்சியில் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் சுங்கச் சாவடி, பண்டசாலை, காவல் என்ற ஏற்பாடுகள் கற்பனையில் முளைக்கிறவை அல்ல.

வெளிநாட்டார் எழுத்தும் இதற்குத் துணை நிற்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வணிகம் செய்த கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்ளுஸ்’ கையேடு, சோழக் கரையில் கமரா என்ற சந்தைத் துறையைக் குறிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தன் புவியியல் நூலில் கபேரிஸ் என்று எழுதுகிறார். இரண்டும் புகாரே என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். இந்தக் கரையில் ஓடிய உள்ளூர்க் கலங்களையும், கங்கைக்கும் கீழ்த்திசைப் பொன்னாட்டுக்கும் போன பெரிய கலங்களையும் பெரிப்ளுஸ் தனித்தனியே பெயர் சொல்லிப் பிரிக்கிறது.

ஊர் இரண்டு பகுதிகளாக இருந்தது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். யவனர் இருப்பிடங்களும், நெசவாளர், பொற்கொல்லர், மீன் விற்போர், உப்பு விற்போர் தெருக்களும் அங்கே. உள்ளே தள்ளி இருந்தது பட்டினப்பாக்கம்; அரசன் தெரு, பெருவணிகர் தெரு, மருத்துவர், சோதிடர் வீடுகள் அங்கே. இடைப்பட்ட தோப்பில் பகல் சந்தையான நாளங்காடி கூடியது. சிலப்பதிகாரத்தின் கண்ணகி கடல்வணிகன் மாநாய்கனின் மகள். கோவலன் தரைவழி வணிகக் கூட்டத்துக்குத் தலைவனான மாசாத்துவானின் மகன். நீர்வழிப் பணமும் நிலவழிப் பணமும் சம்பந்தம் செய்துகொண்ட கல்யாணம் அது என்று சொன்னால் தவறாகாது.

புறநானூற்றின் 30-ஆம் பாட்டு ஒரு முக்கியமான செய்தியைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது: பெரிய கப்பல்கள் பாய்மரத்தை இறக்காமலும் சரக்கைக் குறைக்காமலும் புகாரின் ஆற்றுமுகத்துக்குள் நுழைந்தன. கிழக்குக் கரையில் இது அரிதான வசதி. ஆறுகள் கொண்டுவரும் மணல் முகத்தில் திட்டாகப் படிவதால், கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். சென்னையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை இந்தக் கதிதான். காவிரி அன்று முழு வெள்ளத்தையும் இந்த ஒரு வாயில் கொட்டியதால் முகம் ஆழமாக இருந்திருக்க வேண்டும். புகார் ஏன் புகாரானது என்பதற்கு அரசர்களின் பெருமையைவிட இந்த ஆழமே நல்ல விடை.

ஆனால் அதே கரைக்கு ஒரு தீராத குறையும் உண்டு. காவிரிக் கழிமுகம் தட்டையான நிலம். மேற்குக் கரையில் வரும் மாலுமிக்குத் தொலைவிலேயே மலை தெரியும். இங்கே பனைமரத்தைத் தவிர உயரமானது எதுவும் இல்லை. பகலிலேயே கரை அருகில் வந்த பிறகுதான் புலப்படும். இரவில் முழு இருட்டு. வடகிழக்குப் பருவக்காற்றில் கலம் கரையை நோக்கித் தள்ளப்படும்போது, ஆற்றுவாய் எந்தப் பக்கம், மணல்திட்டு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் கப்பல் உடையும். அதனால் உயரத்தில் தீ வைப்பது இந்தக் கரைக்குத் தேவையாயிற்று. கணக்கும் எளிது. தரையில் எரியும் தீ, பூமியின் வளைவினால் சில கிலோமீட்டரிலேயே மறைந்துபோகும். 20 மீட்டர் உயரத்தில் அதே தீயை ஏற்றினால், கப்பல் மேல்தளத்தில் நிற்கிறவருக்கு வானம் தெளிவாக இருக்கும்போது 20 கிலோமீட்டருக்கு அப்பாலும் அடிவானக் கோட்டுக்கு மேலே நிற்கும்.

சங்க இலக்கியத்தில் அத்தகைய கட்டடத்தின் விரிவான வருணனை பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. பட்டினப்பாலை பாடிய அதே உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் அது. அவர் காட்டுவது புகாரை அன்று, தொண்டை நாட்டு நீர்ப்பெயற்றுத் துறையை. வானத்துக்கு முட்டுக் கொடுத்த தூண் போன்ற உயரம். ஏறுவதற்குச் சாத்திய ஏணி. அப்படியும் ஏறக் கடினமான உச்சி. ஓலையோ புல்லோ வேயாத மேல்மாடம். இரவில் அங்கே கொளுத்தப்பட்டு, கடலில் ஓடும் கலங்களைக் கூப்பிடும் கொள்ளி. ஒவ்வொரு விவரமும் வேலை தெரிந்தவர் சொல்வதாக இருக்கிறது. தீ எரியும் இடத்துக்குக் கூரை வேய்ந்தால் எரிந்துபோகும், அதனால் வேயாத மாடம். உள்ளே படிக்கட்டு இல்லை, அதனால் ஏணி. விறகும் கொள்ளியும் அந்த ஏணி வழியாகத்தான் ஒவ்வொரு மாலையும் மேலே போயிருக்க வேண்டும். காற்று மழையில் அந்த வேலை செய்த ஆள் யார், என்ன கூலி என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை.

அகநானூற்றின் 255-ஆம் பாட்டு அத்தகைய விளக்கைக் கப்பலிலிருந்து காட்டுகிறது. பொருள் தேடப் போன தலைவனின் கலம் இரவும் பகலும் ஓய்வின்றி ஓடுகிறது. மாடத்தில் எரியும் ஒளியைக் கண்டு திசை அறிந்து மீகாமன் கலத்தைச் செலுத்துகிறான். பாட்டைச் சொல்கிறவள் வீட்டில் இருக்கும் தலைவி. கப்பலோட்டும் தொழிலின் நுட்பம் அவள் வாய்ப்பேச்சில் வருகிறது என்றால், கடற்கரை ஊர்களில் அது பொதுச் செய்தியாக இருந்தது என்று கொள்ளலாம்.

புகாரைப் பொறுத்தவரை இரண்டு இடங்கள் முக்கியமானவை. பட்டினப்பாலையில், திமில் ஓட்டி இரவில் மீன்பிடிக்கப் போன பரதவர், கடலிலிருந்து திரும்பிப் பார்த்து நகரத்து உயர்ந்த மாடங்களில் எரியும் விளக்குகளை எண்ணுகிறார்கள். பொழுதுபோக்குப் போலத் தோன்றும் இந்த எண்ணிக்கை தொழிலுக்கு உதவுகிற ஒன்று. எத்தனை விளக்கு தெரிகிறது, எது எதற்கு நேராக வருகிறது என்று பார்த்துத் தான் நிற்கும் இடத்தைக் கணிப்பது கரையோர மீனவரின் பழைய முறை. இன்றைக்கும் கோயில் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் நேர்வைத்துப் பார்த்து வலை போட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. அந்த வகையில் புகாரில் ஒவ்வொரு மாடிவீடும் ஒரு சிறு கலங்கரை விளக்கம்.

மற்றொன்று சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை. இந்திர விழா முடிந்து, விடிவதற்கு முன்பே கோவலனும் மாதவியும் கடற்கரைக்குப் போகிறார்கள். வழியெல்லாம் விளக்கு. சந்தனமும் பூவும் விற்பவர் விளக்கு, கம்மியர் வேலை செய்யும் விளக்கு, மோதகம் விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் அகல், கடை வைத்த பெண்களின் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு, பிறகு கலங்கரை விளக்கம், அடுத்து மீன்பிடித் திமில்களின் விளக்கு, வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் அணையாமல் வைத்திருக்கும் விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு. இத்தனை வெளிச்சத்தில், மணலில் விழுந்த ஒரு வெண்கடுகைக்கூடப் பொறுக்கி எடுத்துவிடலாமாம். இளங்கோவடிகள் கலங்கரை விளக்கத்துக்குத் தனிச் சிறப்பு எதுவும் தரவில்லை. மீன்காரியின் விளக்குக்கும் திமில் விளக்குக்கும் நடுவே ஓர் அடியில் வைத்துவிட்டுப் போகிறார். அது அதிசயமாக இல்லாமல், கடை கண்ணியைப் போல ஊரின் அன்றாடப் பொருளாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. மறுபக்கம், கவிஞர் ஒரு வரி கூடுதலாகத் தந்திருந்தால் ஆய்வாளர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும்.

புகாருக்கு வந்த யவன வணிகர்களில் பலர் எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்டவர்கள். உலகின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கமான பாரோஸ், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தாலமி அரசர்கள் எழுப்பிய, நூறு மீட்டருக்கு மேற்பட்டதாகச் சொல்லப்படும் கற்கோபுரம், அந்த ஊரில்தான் நின்றது. அதைப் பார்த்து இங்கே கட்டினார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஏணி சாத்திய மாடம் அதன் வாரிசாகத் தெரியவும் இல்லை. இரண்டுக்கும் பொதுவானது நிலத்தின் அமைப்பு. நைல் கழிமுகமும் காவிரிக் கழிமுகமும் ஒரே மாதிரித் தட்டையானவை. பதினான்காம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் பாரோஸ் இடிந்து விழுந்தது. அதன் கற்களைக் கடலுக்கடியில் அளந்து வரைந்திருக்கிறார்கள். புகாரின் மாடம் செங்கல்லும் மரமும் என்றால், கடல் அப்படி எதையும் விட்டுவைக்காது.

மண்ணுக்குள் கிடைத்தது வேறு. இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் பூம்புகார்ப் பகுதியில் அகழ்ந்தபோது, கீழையூரில் பழைய ஆற்றுப்போக்கின் ஓரம் ஒரு படகுத்துறை வெளிப்பட்டது. பெரிய செங்கற்களால் கட்டிய மேடை, அதையொட்டிப் படகு கட்டுவதற்கு நட்ட மரத்தூண்கள். தூண் மரத்தின் கரிமக் கணிப்பு அதைக் கி.மு. நான்கு, மூன்றாம் நூற்றாண்டு அளவுக்குக் கொண்டுபோகிறது. அதாவது பட்டினப்பாலைக்கும் சில நூறு ஆண்டுகள் முன்பு. கப்பல் பாய் இறக்காமல் உள்ளே வந்தது என்ற புறநானூற்றுப் பேச்சுக்கு, ஆற்றுக்குள் இருந்த இந்தத் துறைமேடை பொருத்தமாக அமைகிறது. வானகிரியில் செங்கல்லால் கட்டிய நீர்த்தேக்கமும், மேலையூரில் பல்லவனீச்சரக் கோயில் பக்கத்தில் புத்த விகாரத்தின் அடித்தளமும், சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தபாதமும் கிடைத்தன. ஐந்தாம் நூற்றாண்டுப் பௌத்த ஆசிரியர் புத்ததத்தர், காவிரிப்பட்டினத்து விகாரத்தில் தங்கிப் பாலி மொழியில் நூல் எழுதியதாக அவரே குறித்திருக்கிறார். ரோமானிய மட்கலத் துண்டுகளும், சோழரின் புலிச் சின்னம் பொறித்த சதுரச் செப்புக் காசுகளும் இந்தக் கரையில் பொறுக்கப்பட்டவை.

1980-களிலிருந்து கடலுக்குள்ளும் தேடல் நடந்தது. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்து செய்த ஆய்வில், அலை வந்து போகும் பகுதியிலேயே செங்கல் சுவர்களும் உறைகிணறுகளும் தென்பட்டன. 1990-களின் தொடக்கத்தில், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாடம் போன்ற ஓர் அமைப்பு காணப்பட்டது. இதை வைத்துப் பிறகு பல பெரிய கதைகள் எழுந்தன. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. ஆகவே 23 மீட்டர் ஆழத்தில் நிலம் இருந்த காலம் பத்தாயிரம் ஆண்டுக்குச் சற்று முன்பின். அப்படியானால் புகாரும் அவ்வளவு பழையது என்பது வாதம். நிலம் இருந்தது என்பதிலிருந்து நகரம் இருந்தது என்று தாவ, காலம் கணிக்கக்கூடிய ஒரு பானைத் துண்டாவது வேண்டும். அந்த அமைப்பிலிருந்து அத்தகைய சான்று வெளிவரவில்லை. புகாரின் பெருமைக்குக் கரையோரச் செங்கற்களே போதுமானவை.

அதே கடல்தேடலில் ஒரு கப்பலும் அகப்பட்டது. அதில் 1791, 1792 என்ற ஆண்டுகள் பொறித்த ஈயப் பாளங்கள் இருந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், வழிகாட்டும் தீ எதுவும் இல்லாமல் போயிருந்த இந்தக் கரைக்கு எதிரே மூழ்கிய ஐரோப்பியக் கலம் அது.

விளக்கு எப்போது அணைந்தது? ஊர் அழிந்த கதையை மணிமேகலை சொல்கிறது. நாககன்னி பீலிவளை, சோழ அரசனுக்குப் பிறந்த குழந்தையைக் கம்பளச்செட்டி என்ற வணிகனிடம் மணிபல்லவத் தீவில் ஒப்படைக்கிறாள். அவன் கப்பல் நள்ளிரவு இருட்டில், கரைக்கு மிக அருகில் வந்து உடைகிறது. குழந்தை காணாமற்போகிறது. மகனைத் தேடும் துயரத்தில் அரசன் இந்திர விழாவை மறக்கிறான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் கடல் நகரைக் கொள்கிறது. சாபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கதையின் ஆணிவேர் ஒரு கப்பல் விபத்து. கலங்கரை விளக்கம் இருந்ததாக ஒரு காப்பியம் சொல்லும் அதே ஊரின் வாசலில், இருட்டில் கரை தெரியாமல் கலம் உடைந்ததாக மற்றொரு காப்பியம் சொல்கிறது. கரையருகே இரவில் கப்பல் உடைவதுதான் அந்த ஊராரின் பெரிய பயமாக இருந்திருக்கிறது.

ஒரே இரவில் கடல் விழுங்கியது என்பதை வரலாறு ஏற்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பட்டினத்துப் பல்லவனீச்சரத்தைப் பாடுகிறார். அப்போது ஊரும் கோயிலும் இருந்தன. பின்வந்த சோழர் கல்வெட்டுகளிலும் நாங்கூர் நாட்டுக் காவிரிப்பூம்பட்டினம் வருகிறது. நடந்தது மெதுவான தேய்வு. ரோமானிய வணிகம் சுருங்கியது. காவிரியின் வெள்ளம் கொள்ளிடத்துக்கும் மற்றக் கிளைகளுக்கும் பிரிந்தது; புகாரின் வாய் தூர்ந்தது. கடல் ஆண்டுக்கு ஆண்டு கரையை அரித்து மருவூர்ப்பாக்கத்தைத் தின்றது. ஆழம் போன துறைக்குக் கப்பல் வராது. கப்பல் வராத இடத்தில் இரவெல்லாம் விறகு எரிக்க யாரும் செலவு செய்ய மாட்டார்கள்.

நகரத்தார் மரபு அந்த இடைக்காலத்தைத் தன் வழியில் நிரப்புகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் மாளிகை கட்டி வாழ்ந்தார்கள். சோழ மன்னர் முடிசூடும்போது முடியெடுத்துக் கொடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. பூவந்திச் சோழன் என்ற அரசன் இழைத்த கொடுமையைத் தாங்காமல் குடும்பம் குடும்பமாக உயிர்விட்டார்கள். குருவிடம் படித்துக்கொண்டிருந்த 1,502 ஆண்பிள்ளைகள் மட்டும் மிஞ்சினார்கள். அவர்கள் வேளாளர் வீட்டுப் பெண்களை மணந்து, கலி 3808-இல், அதாவது கி.பி. 707-இல், பாண்டியன் அழைக்கத் தெற்கே வந்து இளையாற்றங்குடியில் குடியேறினார்கள். பிறகு மாத்தூர், வயிரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று கோயில்கள் பிரிந்து ஒன்பதாயின. ஆண்டுக் கணக்கும் எண்ணிக்கையும் கல்வெட்டில் உறுதியாகாத சமூக நினைவு இது. புகார் தேய்ந்துகொண்டிருந்த நூற்றாண்டுகளோடு அது முரண்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இங்கே சுவையான ஒரு பிசிறு உண்டு. செட்டிநாட்டு வீடுகள் தெருமட்டத்துக்கு மேலே உயரமான மேடையில் நிற்கின்றன. முகப்புக்குப் போகவே படி ஏற வேண்டும். மழை குறைந்த இந்தச் சீமையில் இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டால், “பூம்புகாரில் கடல் கொண்ட பயம்” என்பது காரைக்குடிப் பக்கத்தில் வழக்கமான பதில். மரபுக் கதை அரசனைக் குற்றம் சொல்கிறது. வீட்டுக் கதை கடலைக் குற்றம் சொல்கிறது. இன்றிருக்கும் பெரிய வீடுகள் பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்கள். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் கொண்டு, வணிகத்தில் ஈட்டிய பணத்தில் எழுந்தவை. உயரம் அந்தஸ்தையும் காட்டும், மழைநீரையும் வடிக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வெள்ளம் கொத்தனாரின் கையில் வந்து சேர்ந்தது என்று நம்புவது கடினம். ஆனால் அந்த விளக்கத்தை மக்கள் விரும்பிச் சொல்கிறார்கள் என்பதே, புகார் அவர்களுக்கு எவ்வளவு வேண்டிய ஊர் என்பதைக் காட்டுகிறது.

பெரிய மாளிகைகள் எழக் காரணமான பணம் கடல் தாண்டி வந்தது. 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகு, நகரத்தார் இரங்கூனுக்கும் ஐராவதிக் கழிமுகத்து நெல் ஊர்களுக்கும் போய்க் கடை வைத்தார்கள். பினாங்கு, சைகோன், கொழும்பிலும் அவர்களுக்குக் கடைகள் இருந்தன. பெட்டியடிப் பையனாகப் போனவர் அடுத்தாளாகி, பிறகு மேலாளாவார். ஒரு கணக்கு, அதாவது ஒரு பணித்தவணை, மூன்று வருடம். அதுவரை மனைவி செட்டிநாட்டு வளவில் காத்திருப்பார். அகநானூற்றுத் தலைவியின் நிலைமைக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. சென்னையிலிருந்து இரங்கூன் போகும் கப்பல் பர்மாவின் தென்மேற்கு முனையை நெருங்கும்போது முதலில் காண்பது, 1865-இல் ஏற்றப்பட்ட அல்குவாடாப் பாறைக் கலங்கரை விளக்கம். நடுக்கடல் பாறையில் கருங்கல்லால் எழுப்பிய அந்தக் கோபுரம், கழிமுகம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

சோழக் கரையில் புகாரின் இடத்தை நாகப்பட்டினம் எடுத்துக்கொண்டது. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் அங்கே சூடாமணி விகாரம் எழுப்பினார். ஊருக்கு வடக்கே சீனக் கோபுரம் என்று ஐரோப்பியர் அழைத்த செங்கல் கோபுரம் நின்றது. அதில் விளக்கு எரியாவிட்டாலும், நாகைக்கு வரும் மாலுமிகளுக்கு அது நல்ல பகல் அடையாளம். 1867-இல் இயேசு சபையினர் அதை இடித்துவிட்டார்கள். தெற்கே கோடியக்கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஊரார் காட்டிவந்த பழைய செங்கல் சிதைவு 2004 சுனாமியில் போயிற்று. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் முதல் விளக்கை 1796-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கட்டடம் ஒன்றின் மாடியில் வைத்தது. 1844-இல் உயர்நீதிமன்ற வளாகத்துக் கல்தூண், 1894-இல் நீதிமன்றக் கோபுரம், 1977-இல் மெரினா என்று அது இடம் மாறியது. ஒரு விளக்கை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய ஒவ்வொன்றுக்கும் தனிச் சிமிட்டல் கணக்கு தரப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். பழைய கொள்ளிக்கு அந்த வசதி இல்லை. எந்த ஊர்த் தீயும் ஒரே தீ. இது புகார்தானா என்பதை மீகாமன் நாள்மீனையும் நீரின் ஆழத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மக்களை ஏற்றிப்போன ‘ரஜுலா’ 1926-இல் கட்டிய கப்பல். 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. பிற்பாடு நாகையின் பயணியர் கடல்வழி பல பத்தாண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. 2024 ஆகஸ்டில் நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கிய கப்பலுக்கு ‘சிவகங்கை’ என்று பெயர். காரைக்குடி இருக்கும், கடலே இல்லாத மாவட்டத்தின் பெயரைக் கப்பலுக்கு வைத்ததில் செட்டிநாட்டார் யாரும் குறை காண மாட்டார்கள்.

பூம்புகாரில் இன்று மத்திய அரசின் கலங்கரை விளக்கத் துறை வைத்திருக்கும் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதை நம்பித் துறைக்குள் நுழையும் பெரிய கப்பல் எதுவும் இல்லை. மீன்பிடிப் படகுகள் செயற்கைக்கோள் கருவியோடு போகின்றன. ஆடி மாதம் பல்லவனீச்சரத்தில் நடக்கும் பட்டினத்தார் திருவிழாவுக்குச் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் வருகிறார்கள். இந்த ஊரில் பெருவணிகராகப் பிறந்து துறவியானவர் பட்டினத்தார் என்பதும், தம் குலத்தவர் என்பதும் அவர்கள் கொள்கை. கடலடியில் எடுத்த பொருள்களை ஊரிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் பார்க்கலாம். அலையடிக்கும் பகுதியில் முன்பு கண்டு குறித்த செங்கல் சுவர்கள் ஒவ்வொரு பருவமழைக்கும் கொஞ்சம் கரைகின்றன. கீழையூர், மேலையூர், வானகிரி, நெய்தவாசல் பக்கத்து வயல்களுக்கும் தோப்புகளுக்கும் கீழே தோண்டாத பரப்பு இன்னும் நிறைய உண்டு. பழைய ஆற்றுவாயின் போக்கை முழுதாக வரைந்து, ஏணி சாத்திய மாடம் எந்தப் பக்கத்தில் நின்றிருக்கும் என்பதை அங்கேதான் தேட வேண்டும்.